சரணாலயமாக அறிவித்த நன்னீர் ஏரியிலும் மீன் வகைகள் ஏன் குறைகின்றன?

"மீன்பிடிக்கத் தடை, ஆள் நடமாட்டமும் இல்லை, பிறகும் ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லைக்கல் நட்டால் வேட்டை நிற்கும். மீனுக்கு வேண்டிய தண்ணீரோ எல்லைக்கு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். என் பார்வையில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விரால், பனையேறி, தேளி மூன்றும் காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. தண்ணீர் தேங்கிக் கெட்டாலும் தாக்குப்பிடிக்கும். கெண்டை வகைகள் பலவற்றின் கதை வேறு. புதுவெள்ளம் வந்ததும் எதிர்த்து ஏறி, அப்போதுதான் நனைந்த புல்வெளியிலும் ஓடையிலும் முட்டையிடும். அந்த வழியில் ஒரு மதகு அடைத்தே கிடந்தால் போதும், பிடிப்பவர் யாருமில்லாமலேயே அந்த இனம் சில ஆண்டுகளில் அற்றுப்போகும்.

மணிப்பூரின் லோக்டாக் ஏரியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது. அதன் ஒரு பகுதியான கெய்புல் லம்ஜாவோ 1977 முதல் தேசியப் பூங்கா. 1983இல் இத்தாய் என்ற இடத்தில் தடுப்பணை வந்தது. மியான்மரின் சின்ட்வின் ஆற்றுப் படுகையிலிருந்து மணிப்பூர் ஆறு வழியாக ஏறிவந்த மீன்களுக்குப் பாதை அடைபட்டது. 1990இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தும் அந்தப் பாதை திறக்கவில்லை. ராம்சர் உடன்படிக்கையே 1971இல் நீர்ப்பறவைகளை முன்னிட்டுத்தான் உருவானது. மீன்களுக்கென்று தனி அளவுகோல்கள் சேர 1996 ஆகிவிட்டது. அவற்றில் ஒன்று, முட்டையிடும் இடத்தோடு வலசைப் பாதையையும் கணக்கில் எடுக்கிறது. அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அயல் மீன்களும் ஒரு காரணம். ஜிலேபி தன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகும். கொசுவை ஒழிக்கவென்று விடப்படும் கம்பூசியா மற்ற மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தின்றுவிடும். ஏரி நிறைய மீன் துள்ளும், வகை மட்டும் சுருங்கியிருக்கும்.

உங்கள் ஏரியில் கணக்கெடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே வலையை நம்பாதீர்கள். பெரிய கண்ணி வலையில் அயிரை தங்காது, ஆரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். முக்கியமாக, கோடையில் ஒருமுறை போய்விட்டுப் பட்டியலை முடித்துவிடாதீர்கள். முதல் வெள்ளம் இறங்கும் நாளில் வரத்துக் கால்வாயின் வாயில் நின்று, எது ஏறி வருகிறது என்று பாருங்கள்.