‘பாப்பா வரைஞ்சது’ என்று ஏன் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு 42 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாள்களோடு விட்டுப்போன ஓவியத்தை நான்கு வருடத்துக்கு முன் மறுபடி எடுத்தேன். அக்ரிலிக் பெயின்ட்தான். குடும்பத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, இரவு எல்லோரும் படுத்தபின் சாப்பாட்டு மேசையில் வரைந்துவிட்டு விடிவதற்குள் சுவடில்லாமல் துடைத்து வைத்துவிடுவேன். இதுவரை வரைந்தவற்றில் 26 படங்கள் பபிள் ராப் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. கணவர் தடுப்பதில்லை, கேட்பதுமில்லை. இன்றைய ஓவியர்களைத் தெரிந்துகொள்ளலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடப் போய், இப்போது தினமும் பத்துப் பேரின் படங்களைப் பார்க்கிறேன். பார்த்தபின் பிரஷ்ஷைத் தொடவே கூசுகிறது. என் நிறங்கள் காய்ந்ததும் செத்துப் போகின்றன, அவர்களுடையவை ஜொலிக்கின்றன. கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரே படத்தைப் பார்த்து, ஊரிலிருந்து வந்த நாத்தனார் ‘யார் வரைஞ்சது?’ என்று கேட்டபோதுகூட வாய் வராமல் ‘பாப்பா வரைஞ்சது’ என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மகளும் ஒன்றும் சொல்லவில்லை (ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்). எனக்குத் திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆன்லைன் வகுப்பில் சேரலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: திறமை இருக்கிறதா என்று கேட்டு வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. ‘உங்களுக்கு நிச்சயம் இருக்கிறது’ என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். உங்களுக்கு அது இரண்டு நாள் தாங்கும். ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். கூச்சத்தில் வாய் வரவில்லை என்கிறீர்கள். வாய் நன்றாகவே வந்திருக்கிறது, ஒரு முழுப் பொய் வந்திருக்கிறது. அதையும் பெற்ற பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவள் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று யோசித்தீர்களா? பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எல்லாம் புரியும். இந்த வீட்டில் குழந்தை வரைந்தால் பாராட்டுவார்கள், அம்மா வரைந்தால் மறைக்க வேண்டும் என்று அவளுக்கு அன்று புரிந்திருக்கும். அடுத்த கல்யாண வீட்டில் அதே நாத்தனார் ‘எங்கே, எனக்கு ஒண்ணு வரைஞ்சு கொடேன்’ என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்? அம்மாவைக் காட்டிக்கொடுப்பாளா, இல்லை தானும் ஒரு பொய் சொல்வாளா? இப்படி ஓர் இக்கட்டில் குழந்தையை மாட்டிவிட்டு, அதற்குத் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே முதல் வேலை இது. வரும் ஞாயிற்றுக்கிழமை, மகள் கூடத்தில் இருக்கும்போது நாத்தனாருக்குப் போன் போடுங்கள். ‘அண்ணி, கூடத்துல இருக்கிற படம் நான் வரைஞ்சது. அன்னிக்குக் கூச்சத்துல பாப்பான்னு சொல்லிட்டேன்’. இவ்வளவுதான். ‘சும்மா பொழுதுபோக்குக்கு’ என்று வாலாக எதையும் ஒட்டாதீர்கள். போனை வைத்ததும் படத்தை இறக்கி, பின்பக்கம் உங்கள் பெயர், வருடம், அளவு, அக்ரிலிக் என்று எழுதுங்கள். முன்பக்கம் கீழ் மூலையில் கையெழுத்து. 26 படத்துக்கும் இதையே செய்யுங்கள். அக்ரிலிக்கின் மேல் அக்ரிலிக்கிலேயே மெல்லிய பிரஷ்ஷால் எழுதலாம். பின்பக்கத்துக்குப் பென்சில் போதும். கான்வாஸ் துணியில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

அந்த 26 படத்துக்கு வேறோர் ஆபத்தும் இருக்கிறது. அக்ரிலிக் காய்ந்தபிறகும் சூட்டில் இளகும். திருச்சியின் மே மாதத்தில், கட்டிலுக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் படங்கள் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். பபிள் ராப் இன்னும் மோசம், குமிழ்களின் வட்டம் வட்டமான தடம் படத்தில் நிரந்தரமாக விழுந்துவிடும். இன்றே பிரியுங்கள். நான்கு மூலைக்கும் அட்டையை மடித்துச் செருகி, வண்ணம் பூசிய பக்கத்தை எதுவும் தொடாதபடி, புத்தகம் போல நிமிர்த்தி வரிசையாக வையுங்கள். தரையோடு வைக்காமல் ஒரு பலகைமேல் வைத்து, பழைய பருத்திப் புடவையால் மூடினால் போதும். பிளாஸ்டிக்கால் மூடினால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

கணவர் தடுப்பதில்லை, கேட்பதுமில்லை என்று ஒரு வருத்தம். விடிவதற்குள் சுவடில்லாமல் துடைத்து வைத்தால் மனிதர் எதைக் கேட்பார்? குடும்பத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில், யாரும் பார்த்து எதுவும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்துக்குத் தியாகம் என்று சட்டை மாட்டியிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் நாலு வருடம் ஒரு வேலையைச் செய்தால் அது வீட்டுக்குத் தெரிய வேண்டும், அதற்கு ஆகும் செலவும் தெரிய வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக, வேலையை விட்டுவிட்டுக் கலையே கதி என்று உட்காரப் போகிறேன் என எழுதியிருந்தால் அதற்கும் திட்டுத்தான் விழுந்திருக்கும். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள், மாதச் சம்பளம் வேண்டும். கேட்க வேண்டியது ஒரு மூலையும் ஒரு நேரமும். நாலடிக்கு மூன்றடி இடம், எடுத்து வைக்கத் தேவையில்லாத ஒரு மேசை, ஞாயிறு காலை மூன்று மணி நேரம். அன்றைக்குக் காலைச் சமையல் உங்கள் பொறுப்பில்லை. இதைக் கணவரிடம் வாயைத் திறந்து கேளுங்கள், அவராகவே கண்டுபிடிப்பார் என்று காத்திருக்காதீர்கள். ‘நல்லாருக்கு’ என்பதற்குமேல் படத்தைப் பற்றி அவரிடம் எதிர்பார்க்கவும் வேண்டாம், விமர்சனம் செய்வது குடும்பத்தின் வேலை இல்லை.

இப்போது செத்துப் போகும் நிறம். பாதி சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது, காரணம் ரசாயனம். அக்ரிலிக்கில் நிறமியை, அதாவது நிறம் தரும் தூளை, பிடித்து வைக்கும் பசை ஈரமாக இருக்கும்போது பால்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அந்த வெண்மை போவதால் நிறம் ஒரு படி கறுக்கும். எல்லோருக்கும் கறுக்கும். கலக்கும்போதே ஒரு படி வெளிறலாகக் கலக்க வேண்டும். அட்டைத் துண்டில் ஒரு தீற்றுத் தீற்றி, காயவிட்டுப் பார்த்துவிட்டுப் படத்தில் வையுங்கள். இரண்டாவது காரணம் டியூப். மாணவர் தர டியூபில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். அதனால்தான் எத்தனை பூச்சுப் பூசினாலும் சுண்ணாம்படித்த மாதிரி இருக்கிறது. டியூபின் முதுகில் நிறமி எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரே ஒரு எண் இருந்தால் அது தனி நிறமி, கலந்தாலும் தெளிவாக நிற்கும். மூன்று எண் இருக்கும் டியூப் ஏற்கெனவே ஒரு கலவை, அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் சேறுதான் வரும்.

மூன்றாவது காரணம் உங்கள் விளக்கு. இரவில் மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நீலத்தைக் காலையில் பார்த்தால் வேறு நீலமாக இருக்கும். 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் என்று பெட்டியில் போட்ட எல்இடி ஒன்று வாங்கி மாட்டுங்கள். இரவில் வரைவதென்றால் அதன் கீழ் மட்டும்.

இனி இன்ஸ்டாகிராம். ஆறடிக் கான்வாஸும் அரையடிக் காகிதமும் போனில் ஒரே அளவுதான். பின்னாலிருந்து வெளிச்சம் வீசும் திரையில் எந்த நிறமும் ஜொலிக்கும். வாரக்கணக்கில் செய்த வேலையை அரை நிமிட ரீலில் வெட்டி ஒட்டுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு உங்கள் மேசையைப் பார்ப்பது நியாயமான ஒப்பீடே இல்லை. தினம் பத்துப் பேரை விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருவர், அவருடைய படங்களை வருட வரிசையில் பாருங்கள்.

உங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். கே.எம். ஆதிமூலம் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்தவர். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களை முதலில் பாருங்கள், கறுப்புக் கோடு மட்டும்தான். தமிழ்ச் சிற்றிதழ்களில் வந்தவற்றையும் தேடுங்கள். பிறகு அவருடைய பிற்கால எண்ணெய் வண்ணப் படங்கள்: உருவமே இல்லை, பரப்புப் பரப்பாக வண்ணம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் எதை விட்டார், எதைப் பிடித்தார் என்று பார்ப்பதுதான் ஓவியரைத் தெரிந்துகொள்வது. அடுத்து அச்சுதன் கூடல்லூர். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். கலைக்கல்லூரிப் பட்டம் கிடையாது, சென்னையில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரத்தில் பழகியவர். 2022-இல் காலமானபோது நாடறிந்த அரூப ஓவியர், அதாவது உருவங்கள் இல்லாமல் வரைபவர். மாதவி பரேக்கையும் பாருங்கள். குஜராத் கிராமத்துப் பெண், பயிற்சி எதுவும் இல்லை. 1964-இல் முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஓவியரான கணவர் தூண்ட, வரையத் தொடங்கினார். வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் 42 என்று முதல் வரியிலேயே எழுதியதால் சொல்கிறேன்: 1911-இல் பிறந்த, சென்னைக் கலைக்கல்லூரியில் கற்பித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், இன்று பெரிதாகப் பேசப்படும் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியது ஐம்பதைத் தாண்டிய பிறகு.

ஆனால் நேரில் பார்க்காமல் எதுவும் நடக்காது. ஒரு சனிக்கிழமை இரவு மகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்தக் கல்லூரியைச் சுற்றி உருவான மெட்ராஸ் இயக்கத்து ஓவியங்களை அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். மூன்று படம் போதும், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முதலில் பத்தடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடி, எது அதிகக் கறுப்பு, எது அதிக வெளுப்பு என்று பாருங்கள். பிறகு ஒரு முழ தூரத்துக்கு வந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பாருங்கள். எங்கே வண்ணம் தடித்திருக்கிறது, எங்கே துணியின் இழை தெரிகிறது, எங்கே பழைய வண்ணத்தை மூடி மேலே பூசியிருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். திருத்திய இடங்கள் ஒவ்வொரு படத்திலும் இருக்கும், போன் திரை அவற்றைக் காட்டாது. நோட்டில் ஓவியர் பெயர், வருடம், அளவு, ஒரு சின்னக் கட்டத்துக்குள் படத்தின் பென்சில் கோட்டுருவம், இவ்வளவும் குறித்துக்கொள்ளுங்கள். ஓவியரையே சந்திக்க வாய்த்தால் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்காதீர்கள். அடிப்பூச்சு என்ன, எத்தனை அடுக்கு, எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள், கதவு திறக்கும். உங்களுக்குக் கிட்டத்தில் கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. மாணவர் கண்காட்சி எப்போது வைக்கிறார்கள் என்று விசாரித்துப் போய்வாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்ப்பது, தேர்ந்தவர்களைப் பார்ப்பதைவிட உங்களுக்கு இப்போது அதிகம் உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஒரே அளவில், 30-க்கு 40 செ.மீ., பன்னிரண்டு பலகை அல்லது கான்வாஸ். கெஸோ (வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு, நடுவில் மெல்லிய உப்புத்தாள் தேய்ப்பு. பன்னிரண்டிலும் ஒரே விஷயம், உங்கள் சமையலறை ஜன்னலானாலும் சரி. தனிப் படத்தை வைத்து யாரும் தன்னை எடைபோட முடியாது, பன்னிரண்டை வரிசையாக வைத்தால் ஏழாவது ஏன் மற்றதைவிட நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு நாளும் முடித்ததும் போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை நிறத்தில் இல்லை, அழுத்த வேறுபாட்டில், அதாவது எது கறுப்பு, எது வெளுப்பு என்ற வித்தியாசத்தில் இருக்கிறது. நோட்டில் ‘நல்லா வரல’ என்று எழுதத் தடை. ‘ஜன்னல் கம்பியும் பின்சுவரும் ஒரே அழுத்தம், பிரியவில்லை’ என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் நாளைக்கு என்ன செய்வதென்று தெரியும். அரைகுறையில் வெறுப்பு வந்தால் மேலே வெள்ளை அடித்துவிடாமல் ஒரு வாரம் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

ஆன்லைன் வகுப்பு இப்போது வேண்டாம். அங்கேயும் போன் திரையைத்தான் பார்க்கப் போகிறீர்கள். அந்தப் பணத்தில் டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியென்னா, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என ஐந்து டியூப் மட்டும் ஆர்ட்டிஸ்ட் தரத்தில் வாங்குங்கள். கறுப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியென்னாவும் சேர்ந்தாலே அதைவிட உயிருள்ள கறுப்பு கிடைக்கும். வெயிலில் வண்ணம் உடனே காய்ந்துபோகாமலிருக்க, தட்டையான பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சுத் துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். மூடி வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். மீதிப் பணம் இரண்டு பேருக்கு ரயில் டிக்கெட்டுக்கு ஆகும். பில்லைக் கணவரிடம் காட்டுங்கள்.