அடுத்த சந்திப்பின் தேதியை இந்தச் சந்திப்பிலேயே குறித்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் இந்திய விமானப்படையில் ஒரே என்ட்ரியில், அதாவது ஒரே அணியில் சேர்ந்து, பெங்களூரு ஜாலஹள்ளியில் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 8, விமானப்படை நாளையொட்டிக் கோவையில் குடும்பத்துடன் கூடுகிறோம். எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டோம். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இனிவரும் சந்திப்புகளை எப்படித் திட்டமிடலாம்? – சங்கச் செயலாளர், கோவை

பதில்: ஆர்வம் குறைந்துவிட்டது என்று வருந்தாதீர்கள். எழுபது வயதுக்காரரை வரவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் ரயிலின் மேல் படுக்கையும் மண்டபத்தின் மாடிப்படியும்தான்.

முதலில் தேதி. 1932-இல் நம் படை பிறந்த நாளை விட்டுக்கொடுக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். அதை அந்தந்த ஊர்க்காரர்கள் நாலைந்து பேராகக் கூடிக் கொண்டாடட்டும். பெரிய சந்திப்புக்கு அக்டோபர் வேண்டாம். ஆயுத பூஜை, தீபாவளி என்று ரயிலில் இடம் கிடைக்காது. மாதப் பிற்பாதியில் பருவமழையும் தொடங்கிவிடும். ஜனவரி முதல் சனி, ஞாயிறு நல்லது. மார்கழியில் கல்யாணங்கள் இல்லாததால் மண்டபம் எளிதில் அமையும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் பொங்கல் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 120 நாள் அல்ல, 60 நாள்தான். ஜனவரி 2-ஆம் தேதி புறப்பட வேண்டுமானால் நவம்பர் 3-ஆம் தேதி பதிவு தொடங்கும். அன்று காலை எல்லோருக்கும் நினைவூட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆறு பேருக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ போனால்தான் கிடைக்கும். கணவன், மனைவி இருவருக்கு ஒரு டிக்கெட் என்று எடுங்கள்.

மண்டபத்தை நேரில் போய்ப் பாருங்கள். நாங்கள் ஒருமுறை லிஃப்ட் உண்டா என்று தொலைபேசியில் மட்டும் கேட்டோம், உண்டு என்றார்கள். அன்று பார்த்து அது ஓடவில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்டு கைத்தடியோடு வந்த சார்ஜன்ட் ஒருவர், பந்தி முடியும்வரை கீழே காவலாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இலைச் சாப்பாட்டைத் தட்டில் வைத்து அவரிடம் கொண்டுபோனபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார் நிற்கும் இடத்திலிருந்து சாப்பாட்டுக் கூடம்வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்று கதவைத் திறந்து பாருங்கள்.

சூலூர் படைத்தளத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள். வருகிற ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை விவரமும் பட்டியலில் இருக்கட்டும். வாயிலில் வந்து நின்று பேரனைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். பணத்தைச் சங்கத்தின் பெயரிலேயே, இருவர் கையொப்பமிடும் கணக்கில் வையுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு: மறைந்த தோழர்களின் மனைவியருக்கு அழைப்பு போகிறதா? பல சங்கங்களில் கணவர் காலமானதும் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. எங்கள் சந்திப்பில் பெயரோடு, படையில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட சர்வீஸ் நம்பரையும் வாசிப்போம். மறைந்த ஒருவரின் எண்ணைப் பாதி வாசித்தபோது, அவர் மனைவி எழுந்து மீதியைத் தாமே சொல்லி முடித்தார். மணமான புதிதில் வாரந்தோறும் இன்லாண்ட் லெட்டரில் கணவரின் முகவரியோடு அவர் கைப்பட எழுதிய எண் அது.

அவர்களுக்காகவும் உங்களுக்காகவும் ஒரு மேசை போடுங்கள். ஸ்பர்ஷ் ஓய்வூதியத் தளத்தில் பழகிய ஒருவர் அங்கே உட்காரட்டும். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குடும்ப ஓய்வூதியம் இழுத்தடிக்கும். கணவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. முகத்தைக் காட்டி ஆயுள் சான்றிதழ் அளிக்கும் ஜீவன் பிரமாண் செயலியையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

வர முடியாதவர்களுக்கு வீடியோ அழைப்பை எல்லோரும் களைத்துப்போன மாலையில் வைக்காதீர்கள். காலை பதினொரு மணி என்று முன்பே சொல்லிவிட்டால், சவரம் செய்து, சட்டை மாற்றிக் காத்திருப்பார்கள். உள்ளூரில் படுக்கையில் இருப்பவரை இருவர் முதல்நாளே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்த ஆண்டுத் தேதியைச் சனிக்கிழமை மாலையே அறிவித்துவிடுங்கள். ஞாயிறு காலைச் சிற்றுண்டி முடிந்ததும் பாதிப் பேர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.