தேதியிட்ட புள்ளிகளைக் கட்டங்களாக்கும் வேலைக்குத் தயாராவது எப்படி?

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதுநிலைப் புவியியல் முடித்த தங்கள் மகள், ஒரு நிறுவனத்தின் தேர்வில் தேதியும் நேரமும் கொண்ட வெக்டார் தரவை (புள்ளி, கோடு, பரப்பு என்ற வடிவில் இடங்களைக் குறிப்பது) நிரல் எழுதி ராஸ்டராக (கட்டத்துக்கு ஒரு மதிப்பு வீதம் கொண்ட படம்) மாற்றச் சொன்னபோது திணறிவிட்டதாகவும், வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சி மையத்தில் பெருந்தொகை கட்டிச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவருக்குத் தேவையான தரவும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் ஒரு கோப்பை ராஸ்டராக மாற்ற அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கல்லூரிச் செய்முறைத் தேர்வுகள் பெரும்பாலும் அந்த அளவோடு நின்றுவிடுகின்றன. ஒரு பருவம் முழுவதற்கும் நாளுக்கு ஒன்று வீதம் ராஸ்டர் வேண்டுமென்றால் அதைக் கையால் செய்து மாளாது. செய்தாலும் எந்த நாளுக்கு எந்த அமைப்பைத் தேர்ந்தோம் என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. நிறுவனங்கள் நிரலைக் கேட்பது இதனால்தான்.

பயிற்சிக்கு ஒரு நல்ல தரவைச் சொல்கிறேன். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தாளைக் கொளுத்துகிறார்கள். விஐஐஆர்எஸ் என்னும் செயற்கைக்கோள் கருவி 375 மீட்டர் துல்லியத்தில் கண்டறியும் அந்த நெருப்புப் புள்ளிகளை நாசாவின் ஃபர்ம்ஸ் என்னும் நெருப்புத் தரவுத் தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், நம்பகத்தன்மை ஆகியவை இருக்கும். பைத்தான் நிரல்மொழியில் ஜியோபாண்டாஸ் என்னும் நிரல்தொகுப்பைக் கொண்டு கோப்பை வாசித்து, நாள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளின் புள்ளிகளையும் ராஸ்டரியோ என்னும் தொகுப்பைக் கொண்டு கட்டங்களாக்கி, அவற்றை எக்ஸ்அரே என்னும் தொகுப்பில் காலவரிசைப்படி அடுக்க வேண்டும். நிரல் நீளமாக இராது. சிக்கலெல்லாம் அதற்குள் எடுக்க வேண்டிய முடிவுகளில்தான் இருக்கிறது. தேர்வு வைப்பவர்கள் பார்ப்பதும் அவற்றைத்தான்.

முதலில் நேரம். அந்தக் கோப்பில் தேதியும் நேரமும் உலகப் பொது நேரத்தில் உள்ளன. அக்கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவிலும் நம் நாட்டின் மேல் செல்கின்றன. பகல் பதிவுகளில் தேதி மாறாது. நவம்பர் 5 அதிகாலை 1.30 மணிக்குப் பதிவான நெருப்போ, கோப்பில் நவம்பர் 4 என்ற தேதியிலும் 2000 (அதாவது இரவு 8 மணி) என்ற நேரத்திலும் இருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் நாள்வாரியாகப் பிரித்தால், நள்ளிரவுக்குப் பின் கண்ட நெருப்பு முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் ஏறிவிடும். இரவை முந்தைய பகலோடு சேர்ப்பதே பொருத்தம் என்று வாதிடவும் இடமுண்டு. அப்படிச் செய்தால் அதைக் காரணத்துடன் எழுதிவைக்க வேண்டும். இன்னொன்று, 0803 என்ற நேரத்தை நிரல் எண்ணாக வாசித்தால் முன்னிற்கும் சுழியம் உதிர்ந்து 803 ஆகிவிடும் என்பதால், அதை எழுத்துத்தொடராகவே வாசிக்கச் சொல்ல வேண்டும். நெருப்பே பதிவாகாத நாள்கள் கோப்பில் இரா. அவற்றுக்கும் வெற்று ராஸ்டர் ஒன்றை உருவாக்காவிட்டால் காலவரிசையில் ஓட்டை விழும்.

அடுத்தது கட்டம். பாகையில் கட்டம் போட்டால், பஞ்சாபின் அட்சரேகையில் கிழக்கு மேற்கு அகலம் வடக்கு தெற்கு நீளத்தைவிடக் குறையும். ஆகவே இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில் அப்பகுதிக்குரிய 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி, ஒரு கிலோமீட்டர்க் கட்டம் வைப்பது நல்லது. கருவியே 375 மீட்டரில் பார்க்கும்போது நூறு மீட்டர்க் கட்டம் போடுவது இல்லாத துல்லியத்தை இருப்பதுபோல் காட்டும். ஒரே கட்டத்தில் மூன்று புள்ளிகள் விழுந்தால், ராஸ்டரியோ இயல்பாகப் பின்வரும் மதிப்பை முந்தையதன் மேல் எழுதிவிடும். எண்ணிக்கை வேண்டுமென்றால் கூட்டும் முறையைத் தனியே குறிப்பிட வேண்டும். கூட்டினாலும் கிடைப்பது பதிவுகளின் எண்ணிக்கைதான். ஒரே நெருப்பை இரண்டு செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கலாம். மேகம் மூடிய வயலில் நெருப்பு பதிவாகாமலும் போகலாம்; எனவே கட்டத்தில் உள்ள சுழியத்தை நெருப்பே இல்லை என்று படித்துவிடக் கூடாது.

இம்முடிவுகளை நிரலுடன் இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, தங்கள் மகள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் பதிவேற்றட்டும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய நிரலை நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சிறியதாயினும் தாமே முடிவெடுத்துச் செய்த ஒரு வேலை, பயிற்சி மையங்கள் தரும் பல சான்றிதழ்களைவிட நிற்கும்.

அடிப்படையை உறுதி செய்ய, இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் நடத்தும் இலவச இணையவழி வகுப்புகள் போதும். மேற்படிப்பில் விருப்பமிருந்தால், பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட்டில் 2022 முதல் ஜியோமேடிக்ஸ் (நில அளவை, வரைபடத் தரவு சார்ந்த) பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியின் தகுதி விதிகளையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காலையில் அதற்குப் படித்துவிட்டு மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், மூன்று மாதத்தில் மேற்சொன்ன வேலை முடிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டப் பணியிடங்களுக்கும், பயிர்க் காப்பீடு, பேரிடர் மேலாண்மை ஆகியவற்றுக்கு வரைபடத் தரவு தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கட்டும். முதல் ஆறு மாதங்களில் அழைப்பு எதுவும் வராவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் அவருடைய குறிப்பையும் நிரலையும் எனக்கு அனுப்பிவையுங்கள். எங்கே குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.