வாங்கினவன் நறுக்கட்டும்

அன்புள்ள ஐயா,

கோவை சிங்காநல்லூரில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பையனுக்குப் பத்து வயது, பெண்ணுக்கு ஆறு. ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்து வீட்டிலேயே சமைப்பது என்று ஜனவரியில் முடிவெடுத்தோம். முதலில் மாத மளிகையை மொத்தமாக வாங்கினோம், ரவையில் வண்டு வந்தது. அடுத்து வாராவாரம் வாங்கினோம். பிறகு பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப், செலவு கூடிப்போனது. கடைசியாக ஏழு நாளுக்கு 21 வேளை அட்டவணை போட்டு பிரிட்ஜில் ஒட்டினேன். புதன்கிழமையோடு அது படுத்துவிட்டது. வியாழன் இரவு பரோட்டா.

காய்கறியை நானே உழவர் சந்தைக்குப் போய் வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஆனாலும் மனைவிக்குத் திட்டமிட்டுச் சமைக்க வரவில்லை. போன மாதம் தூக்கிப் போட்டதை எழுதி வைத்தேன்: கீரை 5 கட்டு, வெண்டைக்காய் ஒன்றரை கிலோ, தக்காளி 2 கிலோ, தேங்காய் இரண்டு மூடி, ஒரு டப்பா புளித்த மாவு. மாத மளிகை நல்லதா, வார மளிகை நல்லதா? சிறுதானியத்துக்கு மாறலாமா? துவரம் பருப்பு ஐந்து விசில் விட்டும் வேகாதது ஏன்?

ர.

*

அன்புள்ள ர.,

தூக்கிப் போட்டதை எழுதி வைத்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் உங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது. குப்பைக்குப் போன கீரையைக் கட்டுக்கணக்கில் எண்ணி வருத்தப்படுகிறவர் சீக்கிரமே நல்ல சமையற்காரர் ஆகிவிடுவார். இரண்டு வாரமாக எனக்கும் இதே நினைப்புதான். மகள் வீட்டு பிரிட்ஜின் அடித்தட்டில் கொத்தமல்லி கறுத்துத் தண்ணீராகக் கிடந்ததைத் துடைத்தெடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். பருப்பு பழசாக இருக்கலாம், இல்லையென்றால் உங்கள் பிளாட்டில் போர் தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. குடிக்கிற தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து வேகவையுங்கள், வெந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். சிறுதானியமா? அரிசியே இன்னும் கைக்குள் வரவில்லை, வரகு பிறகு வரட்டும். மாதமா வாரமா என்பதில் ஒன்றுமே இல்லை. அரிசி, பருப்பு, புளி, மிளகாய் மாதத்துக்கு வாங்குங்கள். ரவை அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், வாங்கின அன்றே வறுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. ‘வாங்கிப் போட்டுவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவர் சொல்கிற சொல் அது. அட்டவணை எழுதியது நீங்கள். காய் வாங்கியது நீங்கள். எது மலிவு, எது எத்தனை கிலோ என்று முடிவு செய்ததும் நீங்கள். அடுப்பு மட்டும் உங்கள் மனைவிக்கு. கடைசியில் ‘திட்டமிட வரவில்லை’ என்கிற பழியும் அவர்களுக்கா? இதை அவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தீர்களா?

1979-இல் நாங்கள் திருச்சி உறையூரில் இருந்தோம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் கட்டிலோடு. அப்பாவுக்கு பெல் (BHEL) தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பதினான்கு வயதில் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற வேலை எனக்கு வந்தது. முதல் நாளே சாயந்திரம் போய், கடை கட்டப்போகிற நேரத்தில் அள்ளிக் கொடுத்த வெண்டைக்காயை 2 கிலோ வாங்கி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்தேன். பாதி விலை. மிச்சக் காசை அம்மா கையில் கொடுத்தபோது எனக்கிருந்த பெருமை இருக்கிறதே!

அம்மா பையிலிருந்து ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடியவில்லை, வளைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வளைந்தது. திட்டுவார் என்று நின்றேன். “வாங்கினவன் நறுக்கட்டும். அருவாமணையை எடு” என்றார்.

கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்கச் சொன்னார். ஈரத்தோடு நறுக்கினால் கொழகொழவென்று ஆகிவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரியும். இளங்காயில் அருவாமணை இறங்குவதே தெரியாது. முற்றின காயில் முதலில் தோல் வழுக்கும், பிறகு நார் இழுக்கும், உள்ளே விதை நறநறவென்று இடிக்கும். கால்வாசி முடிவதற்குள் ஆள்காட்டி விரல் சிவந்துவிட்டது. அம்மா கட்டிலில் படுத்தபடியே, “அதுல முற்றாததைத் தனியா எடு, பொரியலுக்கு ஆகும். மிச்சத்தைக் குழம்புல போடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்த அப்பா சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மென்று மென்று நாரைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். அந்த வரிசை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் ஒவ்வொரு வெண்டையாக ஒடித்துப் பார்த்தேன். “எல்லாத்தையும் ஒடிச்சுப்போட்டா யாருடா வாங்குவா?” என்று கடைக்கார அம்மா கத்தினார். “ஒடியலைன்னா நான்தானே நறுக்கணும்!” என்றேன். அவர் சிரித்துவிட்டு, கூடையின் அடியிலிருந்து பிஞ்சாக அள்ளிப் போட்டார்.

உங்கள் ஒன்றரை கிலோ வெண்டைக்காயும் அப்படி மலிவாகக் கிடைத்ததுதானே? முதல் உழவர் சந்தை 1999-இல் மதுரையில் வந்தபோது, விளைவித்தவரே நேரில் வந்து விற்கட்டும் என்பதுதான் யோசனை. அப்படிப்பட்ட இடத்தில் சமைக்கிறவர் அல்லவா வாங்க வேண்டும்! கீரைக்காரரிடம் நீங்கள் விலையைத்தான் கேட்டிருப்பீர்கள். அடுப்படியில் நிற்கிறவர் ‘இன்றைக்குப் பறித்ததா, நாளைக்குத் தாங்குமா?’ என்று கேட்பார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார், சுரைக்காயில் நகத்தை வைத்துப் பார்ப்பார், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். ஒருமுறை நறுக்கி நொந்த விரல் இதையெல்லாம் தானாகவே செய்யும்.

அட்டவணை புதன்கிழமை படுத்துவிட்டதற்கும் இதுதான் காரணம். வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சமைக்கிறவருக்குத் தெரியும். வாங்கி வந்த அன்றே கீரை, மறுநாள் வெண்டை, அதற்கடுத்து அவரை, பீன்ஸ், பிறகு புடலை, சுரை. முட்டைக்கோஸும் பூசணியும் உருளையும் கடைசிவரை காத்திருக்கும். ஆட்டின மாவு முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளித்துவிட்டால் வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம். நீங்கள் தூக்கிப் போட்ட அந்த டப்பா மாவில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் சாயந்திரப் பலகாரம் இருந்தது, ஐயா. புதன்கிழமைக் கட்டத்தில் சப்பாத்தி என்று எழுதியிருந்தால், பொங்கி நிற்கிற மாவை உங்கள் மனைவி என்ன செய்வார்கள்? உங்கள் காகிதத்துக்கு உண்மையாக இருப்பார்களா, மாவுக்கா?

‘நானும் ஒத்தாசைக்கு நிற்கிறேன்’ என்று பதில் எழுதாதீர்கள், கோபம் வரும். இரண்டு வாரம் சந்தைக்குப் போவது, நறுக்குவது, அடுப்பில் ஏற்றுவது, மிச்சத்தை எடுத்து வைப்பது எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த இரண்டு வாரம், அவர்கள் சரி என்றால், அத்தனையும் அவர்களுடையது. அப்போது அவர்கள் வாங்கி வருவதைப் பார்த்து வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் சாப்பிடாமல் எழுந்தால் பயப்படாதீர்கள், தயிர்சாதம் இருக்கிறது. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் பூண்டு உரிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரை ஒரு கட்டு வாங்குங்கள். ஒன்று போதும். இரவே துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்று யாராவது சொல்வார்கள், முதல் தடவை அப்படிச் செய்ய வேண்டாம். உட்கார்ந்து காம்பு காம்பாகக் கையால் உருவுங்கள். முடித்துவிட்டு எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.