மீட்டரில் 38 வோல்ட், ஆனால் டிஷ் நகரவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்னால் சாட்டிலைட் டிவிக்கு 8 அடி சி-பேண்ட் டிஷ், அதைத் திருப்ப 36 வோல்ட் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு). வீட்டுக்குள்ளிருந்து அதை இயக்கும் பொசிஷனர் பெட்டியிலிருந்து டிஷ் வரை 30 மீட்டர் வயர். போன மாதம் கிளை விழுந்து வயர் அறுந்தது. நானே முறுக்கி டேப் சுற்றினேன், கொஞ்ச நாள் ஓடியது. இப்போது பொத்தானை அழுத்தினால் பெட்டி முனகுகிறது, டிஷ் நகர்வதில்லை. சில நேரம் ஓரிரு விநாடி நகர்ந்து நின்றுவிடுகிறது. டிஷ் பக்கம் மோட்டார் வயரைக் கழற்றி அதன் முனையில் அளந்தால் 38 வோல்ட் காட்டுகிறது. பெட்டி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எனக்குப் பெட்டியைவிட நீங்கள் டேப் சுற்றிய ஜாயிண்ட் மேல்தான் சந்தேகம்.

38 வோல்ட் வருகிறதே என்பீர்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு அளந்தால் வரத்தான் செய்யும். மல்டிமீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. கரண்ட் ஓடாதவரை எவ்வளவு மோசமான ஜாயிண்ட்டும் முழு வோல்டேஜைக் காட்டும். மோட்டார் அப்படியில்லை. டிஷ்ஷைத் தள்ளும்போது 2, 3 ஆம்பியர் இழுக்கும். டேப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, அங்கே 8 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். 2.5 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே இடத்தில் 20 வோல்ட் போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு 8 அடி டிஷ்ஷை அசைக்க முடியாது. பெட்டி முனகுவதும் இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது: கரண்ட் வெளியே போவதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் முனகுகிறது. ஃபியூஸ் போயிருந்தால் சத்தமே வராது.

எனவே மோட்டாரை இணைத்தபடியே அளந்து பாருங்கள். வீட்டில் ஒருவர் பொத்தானை அழுத்தட்டும். நீங்கள் மோட்டார் மூடியைத் திறந்து மோட்டார் வயர் மாட்டும் எம்1, எம்2 திருகுகளில் மீட்டரை வையுங்கள். அப்புறம் பெட்டியின் பின்புறத்திலும் அதே அளவு. பெட்டியில் 34, மோட்டாரில் 15 என்றால் குற்றவாளி வயர்தான். பெட்டியிலேயே 15 என்றால் பெட்டிக்குள் பலம் இல்லை, அல்லது மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. ஓடவிட்டு நிறுத்தியதும் ஜாயிண்ட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வயரின் தடிப்பையும் கவனியுங்கள். 30 மீட்டர் தூரம் என்றால் போய்வர 60 மீட்டர் செம்பு. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 3 ஆம்பியருக்கு ஏறக்குறைய நாலரை வோல்ட் போகும், 1.5 வயரில் அதில் பாதி. ஸ்பீக்கர் வயரை வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் இன்னும் மோசம். ஜாயிண்ட்டை வெட்டி, செம்பு பளபளவென்று தெரியும்வரை பின்னுக்குச் சீவுங்கள். பல இடங்களில் ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே கறுத்திருக்கும், அதெல்லாம் போகத்தான் வேண்டும். ஈயம் பற்றவைத்து, தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைத்து, தரையில் கிடக்காமல் தூக்கிக் கட்டுங்கள். வெறும் டேப் நம் ஊர் மழைக்குத் தாங்காது.

ஓரிரு விநாடி நகர்ந்து நிற்கிறது என்றீர்களே, அது வேறாகவும் இருக்கலாம். அறுந்த வயரில், மோட்டாரின் சுற்றுகளை எண்ணும் சென்சருக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளும் இருந்திருக்கும். மோட்டார் சுற்றச் சுற்ற ரீட் சென்சர் துடிப்புகளை அனுப்பும். துடிப்பு வராவிட்டால், மோட்டார் சிக்கிக்கொண்டது என்று நினைத்துப் பெட்டி கரண்டை நிறுத்திவிடும். டிஷ் நகரும்போது பெட்டியில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். டிஷ் நகர்ந்தும் எண் மாறவில்லை என்றால் சென்சர் கம்பிகளைத் தேடுங்கள். பவர் போதவில்லை என்று நினைத்து நல்ல பெட்டியைத் தூக்கிப்போடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மோட்டாரைத் தனியாகச் சோதிக்க ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி போதும். எம்1, எம்2 வயர்களைப் பெட்டியிலிருந்து முழுக்கக் கழற்றிய பிறகு, மோட்டார் முனையிலேயே பேட்டரியைக் கொடுங்கள். 36 வோல்ட் மோட்டார் மெதுவாகச் சுற்றும். சுற்றாவிட்டால் டிஷ்ஷைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, ஆக்சுவேட்டரைப் பிரித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். கட்டாமல் பிரித்தால் டிஷ் சாய்ந்து ஆளை அடிக்கும். தனியே ஓடுகிறது, மாட்டினால் ஓடவில்லை என்றால் துருப்பிடித்த அச்சுக்கு கிரீஸ்தான் மருந்து. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் டிஷ் பெரும்பாலும் வானத்தை அண்ணாந்து நிற்கிறது. மழை நேராக மோட்டார் மேல் இறங்குகிறது. மோட்டாரின் வடிகால் துளை கீழ்நோக்கி இருக்கிறதா, ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போகாத கோளாறு என்றால் பெட்டியின் பின்னால் எம்1, எம்2 இரண்டையும் மாற்றி மாட்டி ஒரு கணம் அழுத்திப் பாருங்கள். அதே பொத்தான்தான் வேலை செய்யவில்லை என்றால் குறை பெட்டியின் ரிலேயில் (கரண்டைத் திருப்பிவிடும் சுவிட்ச்). டிஷ் அதே திசையில்தான் மறுக்கிறது என்றால் மோட்டாருக்குள் உள்ள, எல்லைக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் லிமிட் சுவிட்சில்.

பெட்டிக்குள் கை வைப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். அதன் தலை வீங்கியிருந்தால் பெட்டியிலும் பலம் குறைந்திருக்கிறது; கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினால் போதும். பிளக்கைச் செருகியதுமே இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் குறை பெட்டியின் 230 வோல்ட் பக்கம்தான். டிஷ் பக்கத்து ஈரம் அதற்குக் காரணமாகாது, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருக்கிறது. ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்தால் எரிவது ஃபியூஸ் அல்ல, டிரான்ஸ்ஃபார்மர்.

இவ்வளவும் பார்த்து, மோட்டாரைக் கழற்றிவிட்டால் 38, மோட்டார் ஓடும்போது பெட்டியின் பின்னாலேயே 15, மோட்டாரோ பேட்டரியில் தாராளமாக ஓடுகிறது என்றால் மட்டும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் புதிது விற்பதற்கு முன் கெப்பாசிட்டரைப் பார்ப்பார்.