டொல்பின் வானுக்கு வேறு என்ஜின் போடும்போது பழைய மவுண்டிங்கை வெட்டி ஒட்டினால் போதுமா?

கேட்டவரின் நிலைமை இது: ஹைஏஸ் டொல்பின் வானில் இருக்கும் 2எல் என்ஜினைக் கழற்றிவிட்டு 1கேஇசட் டர்போ போடப் போகிறார். பழைய மவுண்டிங்கையே, அதாவது என்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டையே, வெட்டி வெல்டிங்கில் ஒட்டிவிடலாம் என்று கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்கிறாராம்.

3எல் அல்லது 5எல் போடுவதாக இருந்தால் தலைவலி குறைவு. 2எல், 3எல், 5எல் என்று 2446, 2779, 2986 சிசியாக அளவு ஏறினாலும் மூன்றும் ஒரே குடும்பம். 1கேஇசட் அப்படி இல்லை. ஆனால் ஒரு நல்ல விஷயம், டொயோட்டாவே இந்த என்ஜினை இதே உடம்பில் போட்டு விற்றிருக்கிறது. அதனால் வெட்டுவதற்கு முன், கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். டொல்பினிலிருந்து கழற்றிய என்ஜினாகப் பார்த்து, இரண்டு பக்கத்து பிராக்கெட்டும் கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் சேர்த்துத் தந்தால்தான் வாங்குவேன் என்று பேசுங்கள். பிராடோ ஜீப்பிலிருந்து வந்த 1கேஇசட்டும் அங்கே கிடக்கும், அதன் பிராக்கெட் உங்கள் சேஸிக்கு உட்காராது. பில்லில் என்ஜின் இலக்கத்தை எழுதி வாங்குங்கள், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றும்போது தேவைப்படும்.

சரி, பிராக்கெட் கிடைக்கவில்லை, செய்துதான் ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் என்ஜின் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவாக வேண்டும், மவுண்டிங் அதற்குப் பிறகு. பெரும்பாலான கராஜ்களில் தலைகீழாக நடக்கிறது. முன் மவுண்டிங்கை ஒட்டிவிட்டு, கியர்பொக்ஸ் எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஒரு இரும்பைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுவார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரும்போது டயரைக் குறை சொல்லிக்கொண்டு வீல் பெலன்சிங் செய்யப் போவோம்.

என் வானுக்குக் கொட்டாஞ்சேனையில் வேலை செய்த பாஸ் என்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, கியர்பொக்ஸுக்குக் கீழே ஜக் வைத்துவிட்டு, வெல்டிங் பக்கமே போகவில்லை. “தம்பி, முதல்ல பின்பக்கத்தைப் பார்ப்போம்” என்று படுத்துக்கொண்டு அளந்தார். கியர்பொக்ஸின் வெளித்தண்டும், பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃப்பின் (டிஃபரென்ஷியல்) மூக்கும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு பாகைக்குள் நிற்பது நல்லது. இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும் ஒவ்வொரு யூனிவர்சல் ஜொயிண்டும் (மடங்கும் மூட்டு) ஒன்று முதல் மூன்று பாகை வரை சாய்ந்து ஓடலாம். முழுக்க நேராக இருந்தாலும் கூடாது, உள்ளே இருக்கும் ஊசி பெயரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்துவிடும். இந்த அளவை வான் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும். பின் அச்சு தொங்கிக்கொண்டிருந்தால் வரும் கணக்கு பொய். ஸ்கூல் சேர்விஸ் ஓடும் வான் என்றால் ஆட்களை ஏற்றியும் ஒருமுறை பாருங்கள், பட்டை ஸ்பிரிங் இறங்கினால் கோணம் மாறும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடு பெயரிங்கின் உயரத்தையும் விடக்கூடாது.

கோணம் சரியானதும் சம்ப் (என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஒயில் தட்டு), விசிறி, டர்போவின் குழாய் எல்லாம் எதிலும் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும்போது முட்டாதது ஏற்றத்தில் முட்டலாம். என்ஜினும் கியர்பொக்ஸும் ஒரே கட்டை. அதனால் மவுண்டிங் தாங்குவது என்ஜினின் முறுக்கை மட்டுமல்ல, முதல் கியரில் பெருகி வெளியே போகும் முறுக்கையும்தான். 280 நியூட்டன் மீட்டர் தரும் என்ஜினோடு முதல் கியர் நான்குக்கு ஒன்று என்று வைத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. 2எல்லுக்கு அளந்து செய்த பழைய பிராக்கெட்டை வெட்டி ஒட்டுவதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

ஒட்டும்போது முதலில் பொட்டு வெல்டிங் மட்டும். என்ஜினின் முழுப் பாரமும் றப்பரில் இறங்கிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி அளந்து, பிராக்கெட்டைக் கழற்றி வெளியே வைத்து முழுசாக ஒட்டுங்கள். றப்பரோடு ஒட்டினால் சூட்டில் அது செத்துவிடும். சேஸியில் ஒட்ட வேண்டியிருந்தால் பெட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், கம்பியூட்டர் வைத்த 1கேஇசட்-டிஈ வகை என்றால் அந்தக் கம்பியூட்டரின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். பொல்ட்களைத் தளர்வாகப் போட்டு, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அது தானாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

அப்புறம் ஏர்த் கம்பி. றப்பரில் உட்கார்ந்த என்ஜினுக்கு சேஸியோடு மின்தொடர்பு இல்லை. தடித்த கம்பி ஒன்றைப் போடாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் அக்சலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதை எரித்துவிடும்.

றப்பருக்குப் பதிலாக அதைவிடக் கடினமான பாலியூரிதேன் மவுண்டிங் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதில் அதிர்வு அதிகம் உள்ளே வரும். டொல்பினில் என்ஜின் இருப்பது உங்கள் சீட்டுக்கு அடியில். கொழும்பு-காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் ஐட்லில் நின்று பார்த்தால் நீங்களே றப்பருக்குத் திரும்பிவிடுவீர்கள்.