ஜிம்மியின் சாப்பாட்டை மாற்றினால் மாதம் 4,000 ரூபாய் மிச்சமாகுமா?

கேள்வி: தூத்துக்குடியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது 46,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 14,500. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஜிம்மி என்று நான்கு வயது லேப்ரடார் இருக்கிறாள், எடை 28 கிலோ. கடையில் விற்கும் உலர் உணவுதான் கொடுக்கிறோம். 12 கிலோ பை 6,000 ரூபாய். ஒரு நாளைக்கு 380 கிராம் வைக்கிறோம். "அந்தப் பொட்டணத்தை நிறுத்திட்டு சோறும் கறியும் போடுங்க, இயற்கை உணவுதான் நாய்க்கு நல்லது, 1,700 ரூபாயில் முடிஞ்சிரும்" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. மிச்சமாகும் 4,000 ரூபாயை அப்படியே எஸ்ஐபியில் (பரஸ்பர நிதியில் மாதாமாதம் போடும் முதலீடு) போடலாம் என்று நினைக்கிறேன். அவசரத்துக்கென்று தனியாகச் சேமிப்பு எதுவும் இல்லை. செய்யலாமா?

பதில்: எஸ்ஐபி படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த 4,000 ரூபாய் மிச்சமாகாது. ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம்.

இப்போதைய செலவு சுலபம். 380 கிராம் வீதம் மாதத்துக்கு 11.4 கிலோ. கிலோ 500 ரூபாய் என்றால் 5,700 ரூபாய். இந்தத் தொகையோடுதான் வீட்டுச் சாப்பாட்டை ஒப்பிட வேண்டும். கிலோ விலையை வைத்து ஒப்பிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். உலர் உணவில் தண்ணீர் மிகக் குறைவு, கறியில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் கலோரியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 28 கிலோ எடையுள்ள, ஓரளவு நடமாடும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,350 கலோரி தேவை.

அதை வீட்டுச் சமையலில் கொடுக்க எலும்பில்லாத கோழிக்கறி 300 கிராம், அரிசி 150 கிராம், ஒரு முட்டை, 30 கிராம் ஈரல், 100 கிராம் பூசணியோ கேரட்டோ, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும். கறி கிலோ 320 ரூபாய் என்று வைத்தால் கறிக்கு மட்டும் 96 ரூபாய். அரிசி ஏழரை, முட்டை ஆறரை, ஈரல் ஐந்து, காய் ஐந்து, எண்ணெய் இரண்டு. ஆக நாளைக்கு 122, மாதம் 3,660 ரூபாய். விலைகளை உங்கள் ஊர்ச் சந்தைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி சொன்ன 1,700 ரூபாய் எப்படி வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். கறியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினால் வரும். வயிறு நிறையும், அவ்வளவுதான்.

இன்னும் முடியவில்லை. மேலே சொன்ன சாப்பாடு முழுவதிலும் சேர்த்து 150 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துகூடத் தேறாது. ஜிம்மிக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காததை உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முட்டை ஓட்டை நன்றாக அரைத்துப் போட்டால் இந்த ஒன்று சரியாகும், காசும் அதிகம் ஆகாது. ஆனால் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ எல்லாம் அப்புறமும் குறையாகவே இருக்கும். 2013இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசிப் பார்த்தார்கள். அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. பல குறிப்புகள் கால்நடை மருத்துவர்களே எழுதியவை.

"அந்தக் காலத்தில் நாய்கள் பழைய சோறு தின்றுதானே வளர்ந்தன" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்த நாய்கள் தெருவெல்லாம் சுற்றின, எலி பிடித்தன, எலும்பைக் கடித்தன. வீட்டுக்குள் இருக்கும் ஜிம்மிக்கு நீங்கள் தட்டில் வைப்பது மட்டும்தான் உணவு.

ஆகவே சத்துப் பொடிகளுக்கு மாதம் 600 ரூபாய், எரிவாயுவுக்கு 200 ரூபாய் சேருங்கள். தொடங்கும்முன் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்ய ஆண்டுக்கு 3,000 வைத்தால், மாதத்துக்கு 250. மொத்தம் 4,710 ரூபாய். நிஜமான மிச்சம் 990.

இந்த மருத்துவச் செலவைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரிய இனக் குட்டி ஒன்றுக்குக் கறியும் சோறும் மட்டுமே கொடுத்தார்கள். ஐந்தாவது மாதத்தில் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. எக்ஸ்ரே, மருந்து, மாதக்கணக்கில் அலைச்சல். ஓராண்டில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போனது. அந்தக் குட்டி பட்ட வலிக்கு என்ன கணக்குப் போடுவது? ஜிம்மி வளர்ந்த நாய் என்பதால் இவ்வளவு வேகமாகத் தெரியாது. மெதுவாகத்தான் தெரியும், அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுவோம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் விடுப்புப் போட்டு ஜிம்மியை அங்கே கூட்டிப்போய், எடைக்கு ஏற்ற உணவுத் திட்டம் எழுதி வாங்குங்கள்.

சரி, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஜிம்மிக்கு நல்ல சாப்பாடு சமைத்துப் போட ஆசை, தினமும் அரை மணி நேரம் ஒதுக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் தாராளமாக மாறுங்கள். சாளை மீன் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் கறியைக் குறைத்து, மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தால் செலவும் கொஞ்சம் இறங்கும். ஆனால் பணம்தான் காரணம் என்றால் இது வழி அல்ல. கிலோ 300 ரூபாய் விலையில், வளர்ந்த நாய்க்கு முழுமையான சமச்சீர் உணவு என்று பையிலேயே அச்சிட்ட உலர் உணவுக்கு மாறினால் மாதச் செலவு 3,420 ரூபாய்தான். மிச்சம் 2,280. விலை கூடிய பையில்தான் சத்து கூடுதல் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். கூடவே ஒரு வேகவைத்த முட்டை, கொஞ்சம் காய் வைக்கலாம். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எந்த வழியில் மிச்சமானாலும் முதல் 15,000 ரூபாய் ஜிம்மிக்கான மருத்துவ நிதி. இரண்டாவது வழியில் ஏழே மாதத்தில் சேர்ந்துவிடும். இதை அஞ்சலக ஐந்தாண்டு ஆர்டியில் (மாதாமாதம் பணம் கட்டும் தொடர் வைப்பு) போடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன்னால் அதை முடித்துக்கொள்ள முடியாது. சாதாரண வங்கிக் கணக்கில், தனியாக வையுங்கள். அதன் பிறகு குடும்பத்துக்கான அவசர நிதி, மூன்று மாதச் செலவு அளவுக்கு. எஸ்ஐபி அதற்கும் பிறகுதான். கையில் அவசரப் பணம் இல்லாமல் ஆரம்பித்த எஸ்ஐபியைச் சந்தை இறங்கிய நேரத்தில் நஷ்டத்தில் விற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால், இருக்கும் பை தீரப் பத்து நாள் இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் கால் பங்கு, இரண்டு மூன்று நாள் கழித்து அரைப் பங்கு என்று கூட்டுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். கறியைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். வெந்த எலும்பும் வேண்டாம், சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நம் வீட்டுக் குழம்பும் பிரியாணியும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கும்.

பழைய உலர் உணவில் இரண்டு கிலோவை இறுக்கமாக மூடும் டப்பாவில் எடுத்து வையுங்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போது ஜிம்மியை அண்ணாச்சி வீட்டில் விட்டுப் போனால், அவர் அளந்து போட அதுதான் வசதி.